கதவோரம் இருப்பவர்கள் முதலில்

சிரித்தே காசநோயை விரட்டியவன் என்று என்னைப் பற்றி ஒரு பேச்சு நடமாடுகிறது. ஓசூர் பஸ் நிலையத்து டீக்கடையில் பிறந்த பேச்சு. கிருஷ்ணகிரி வரைக்கும் எங்கள் கம்பெனி பஸ்களிலேயே டிக்கெட் எடுக்காமல் பயணம் செய்து பரவியிருக்கிறது. யார் வீட்டிலாவது ஒருவருக்கு நெஞ்சில் கறை என்று தெரிந்தால், அவரை என்னிடம் அழைத்து வருகிறார்கள். "இவரைப் பாருங்க, ஆஸ்பத்திரியையே சிரிக்க வச்சுட்டு வந்த மனுசன்." வந்தவர் என் முகத்தில் எதையோ தேடுகிறார். ஸ்ட்ரெப்டோமைசின் என்று ஒரு ஊசி, அதுதான் விரட்டியது என்கிறேன். ஏமாந்து போகிறார். ஊசிக்குக் காசு வேண்டும், மாதக்கணக்கில் படுக்க வேண்டும். சிரிப்பு இலவசம்.

ஆகவே நடந்ததை எழுதிவிடுகிறேன். சிரிப்பால் ஒருவன் பிழைத்தான் என்பதற்கு என்னிடம் சாட்சி இல்லை. சிரிப்பால் ஒருவன் போனான் என்பதற்கு நானே சாட்சி.

நான் கண்டக்டர். அப்போது நாற்பத்து மூன்று வயது. சுதந்திரம் வந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருந்த சமயம் அது. கிருஷ்ணகிரி–ஓசூர் பாதையில் பதினைந்து வருஷம் நின்றபடியே வாழ்ந்திருந்தேன். செம்மண் தூசி என் சட்டைக்குள் குடியிருந்தது, காதுமடலில் குடியிருந்தது. நெஞ்சுக்குள்ளும் அதுதான் இருக்கிறது என்று நினைத்தேன். இருமலுக்குத் தூசியின் பெயரை வைத்து ஒரு மழைக்காலத்தையும் ஒரு கோடையையும் ஓட்டினேன். சூளகிரி மேட்டில் வண்டி முக்கி ஏறிக்கொண்டிருந்த ஒரு காலையில், இருமி முடித்துக் குனிந்தபோது டிக்கெட் கட்டின் மேல் சிவப்பு. அதை எனக்கு முன்னால் பார்த்தவர் ஒரு பிரயாணி. நீட்டிய சில்லறையைக் கையை மடக்கி உள்ளே இழுத்துக்கொண்டார். நோயை எனக்கு முதலில் அறிவித்தது அந்த மடங்கிய கைதான். டாக்டரெல்லாம் அப்புறம்.

நெடுஞ்சாலை ஓரத்தில், புளியமரங்களுக்குப் பின்னால் ஒரு தர்ம ஆஸ்பத்திரி. பெயர் வேண்டாம், அங்கே இருந்தவர்கள் தங்களால் ஆனதற்கு மேல் செய்தார்கள். வெளித்தாழ்வாரத்தில் மூன்று காலைகள் காத்திருந்தேன். மூன்று காலையும் முதல் சளியைத் தகர டப்பியில் பிடித்துக் கொடுக்க வேண்டும், அதில் கிருமி இருக்கிறதா என்று கண்ணாடிச் சில்லில் தடவிச் சாயம் போட்டுப் பார்ப்பார்கள். அந்தத் தாழ்வாரத்தில் எல்லோரும் இருமலை விழுங்கிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் இருப்பவர் இருமினால் அவரைப் பார்ப்பதும், தனக்கு வந்தால் தொண்டையைச் செருமுவதாக நடிப்பதும். நோய்க்கு முன்பே நடிப்பு தொற்றிவிடுகிறது.

பெங்களூரில் எடுத்து வந்த எக்ஸ்ரே படத்தை டாக்டர் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். என் விலா எலும்புகள் வேலி போல நின்றன. இடது பக்கத்து உச்சியில், வேலிக்குப் பின்னால் ஒரு வட்டம்.

"ஓட்டை. எட்டணாக் காசு அளவு இருக்கும்" என்றார்.

செய்யப் போவதைச் சொன்னார். தினம் ஒரு ஊசி. சுண்ணாம்புக் கட்டி போன்ற மாத்திரைகள், ஒரு வேளைக்குக் கைப்பிடி. அதோடு காற்று. விலா எலும்புகளுக்கு நடுவே ஊசியைச் செருகி, நெஞ்சுச் சுவருக்கும் நுரையீரலுக்கும் இடையே காற்றை ஏற்றுவார்கள். அந்தக் காற்று நுரையீரலை வெளியிலிருந்து அமுக்கும். அமுங்கிய நுரையீரல் வேலை செய்யாமல் ஓய்வெடுக்கும், ஓட்டை மூடிக்கொள்ளும். ஒடிந்த கைக்குக் கட்டுப் போடுவதில்லையா, அது மாதிரி.

பயத்தில் எனக்கு நாக்கு ஓடும். மௌனமாக இருந்தால் அழுதுவிடுவேன் என்று தெரிந்தது.

"எங்க வண்டியில பஞ்சர் ஆனா டியூபுக்குள்ள காத்தடிப்போம் சார். நீங்க டியூபுக்கு வெளிய அடிக்கிறீங்க. நம்ம வண்டி எப்படி ஓசூர் போயிச் சேரும்?"

டாக்டர் சிரித்தார். படம் கையில் ஆடியது. மூலையில் ஊசியைக் கொதிக்க வைத்துக்கொண்டிருந்த, புண்ணுக்குக் கட்டுப் போடும் டிரெஸ்ஸர் வெங்கடசாமி திரும்பி என்னைப் பார்த்தார். "சார் சிரிச்சு ஆறு மாசம் ஆச்சு" என்று பிற்பாடு சொன்னார். அந்த ஒரு வேடிக்கையால் நான் நோயாளிகளின் கூட்டத்திலிருந்து அரை அடி மேலே ஏற்றப்பட்டேன். அந்த அரை அடியில்தான் வழுக்கினேன்.

ஆண்கள் மார்பு வார்டில் பன்னிரண்டு கட்டில். எனக்கு ஆறாம் நம்பர். வார்டுக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. புண்ணுக்குக் கட்டுப் போடும் சாமான்கள், கொதிக்கும் தண்ணீர், ஒரு முக்காலி. எழுந்து நடக்கலாம் என்று டாக்டர் சொன்ன பிறகு, காலையில் அங்கே போய் உட்கார எனக்கு அனுமதி இருந்தது. வெங்கடசாமி தெலுங்கு வீட்டுக்காரர். கோபம் வந்தால் கன்னடம், கணக்குப் போடத் தமிழ். நர்ஸ் எஸ்தருக்கு முப்பது வயது இருக்கும்.

அந்த அறையில் அவர்கள் பேசியதை வெளியே யாராவது கேட்டிருந்தால் பாவிகள் என்றிருப்பார்கள்.

"இந்த ஊசிக்கு என் வயசு கண்டக்டரே" என்பார் வெங்கடசாமி. "மொதல்ல மாட்டாஸ்பத்திரியில இருந்துச்சு. மாடுங்க ஒண்ணா சேந்து பெட்டிசன் போட்டதால இங்க மாத்திட்டாங்க."

எஸ்தர் தன்னையே வைத்துக் கேலி செய்துகொள்வாள். "பொண்ணு பாக்க வந்தாங்கண்ணா. எந்த வார்டுன்னு கேட்டாங்க. சொன்னேன். காபி அப்படியே இருந்துச்சு. வீணாக்கக் கூடாதுன்னு மூணு டம்ளரும் நானே குடிச்சேன்."

பன்னிரண்டாம் கட்டில் கதவை ஒட்டி இருந்தது. இனி முடியாது என்று தெரிந்தவரை அங்கே மாற்றுவது அந்த வார்டின் வழக்கம். தூக்கிக்கொண்டு போகும்போது மற்றவர்களின் கட்டில்களைத் தாண்டிப் போக வேண்டாம் என்பதற்காக. யாரும் யாருக்கும் இதைச் சொன்னதில்லை. வந்த பத்தாம் நாளே எல்லோருக்கும் தெரிந்திருக்கும்.

நான் இருந்தபோது அந்தக் கட்டிலிலிருந்து, நெற்றியில் நாமம் போட்ட ஒரு பெரியவர் போனார். அவரைத் துடைத்துக் கட்டி அனுப்பிவிட்டு, வெங்கடசாமி கார்பாலிக் தண்ணீரில் கை கழுவியபடி சொன்னார்: "நாமகாரருக்கு வந்த பால் ஒரு டம்ளர் மிச்சம். உசுரோட இருக்கறப்ப ஒரு நாளாவது முழுசாக் குடிச்சாரா? இப்பவாவது யாராச்சும் குடிங்கப்பா, அவரு திட்ட மாட்டாரு." எஸ்தர் சிரித்தாள். சிரித்துக்கொண்டே முகமூடித் துணியைக் கண்வரை ஏற்றிக்கொண்டாள். அந்தப் பாலை மூவரும் பங்கு போட்டுக் குடித்தோம். அதுதான் அந்தப் பெரியவருக்கு நடந்த ஒரே சடங்கு, சொந்தக்காரர்கள் வரவில்லை.

வெளியே போகுமுன் வெங்கடசாமி என்னைத் தடுத்தார். "இந்த ரூமு பேச்சு இந்த ரூமோட. மூஞ்சியக் கழுவிட்டுப் போங்க. சிரிச்ச மூஞ்சி அங்க தெரியக் கூடாது."

எனக்குச் சொல்ல வேண்டியதே இல்லை. எங்கள் தொழிலிலும் அதே சட்டம்தான். ஷெட்டில் பிரேக்கைப் பற்றி, கவிழ்ந்த வண்டியைப் பற்றி, வயிறு வலிக்கச் சிரிப்போம். பஸ்ஸில் ஒரு பிரயாணி காதுபட அதைப் பேசியவனை எங்கள் டிரைவர் நடுவழியில் இறக்கிவிட்டிருக்கிறார். எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. தெரிந்துதான் செய்தேன்.

ஏழாம் நம்பர் மாதையன். சாமல்பட்டிக்குப் பக்கத்து ஆள். அறுப்புக் காலத்தில் கூலிக்குக் கழனி வேலை, மற்ற நாளில் ஸ்டேஷன் கிடங்கில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மூட்டை தூக்குவது. வந்தபோது அவனே காலி மூட்டை போல இருந்தான். அவன் மனைவி முனியம்மா புளியமரத்தடியில் மூன்று கல் வைத்துச் சமைத்து, அங்கேயே சாக்கு விரித்துப் படுத்து, நான்கு மாதம் கிடந்தாள். ஒரே மகளை மாமியாரிடம் விட்டு வந்திருந்தார்கள்.

மாதையன் என்னைச் சாமி என்பான்.

"சாமி கீமின்னு கூப்பிடாத மாதையா. ரெண்டு பேரும் ஒரே டப்பியிலதான் துப்பறோம். அண்ணான்னு சொல்லு."

"சரிங்க சாமி."

என் மனைவி சரோஜா ஒரு நாள் விட்டு ஒரு நாள் எங்கள் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்குவாள். ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தம் கிடையாது, டிரைவர் நிறுத்துவார். முட்டை, கேழ்வரகுக் கஞ்சி, ஒரு முறை தன் வளையலை விற்றுக் கறுப்புச் சந்தையில் வாங்கிய ஊசிமருந்துப் புட்டிகள். சொந்தக்காரர்கள் என் பெயரையே தள்ளி வைத்துப் பேசிய நாட்களில், அவள் என் டம்ளரில் மீந்த கஞ்சியைக் குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, நேரமாச்சு என்று கிளம்பினாள். எஸ்தர் பார்த்துவிட்டுத் திட்டினாள். சரோஜா மறுபடியும் குடித்தாள். முனியம்மாவும் அவளும் மரத்தடியில் என்னதான் பேசுவார்களோ, இவள் கொண்டுவந்த முட்டையில் ஒன்று அங்கே போகும், அங்கே வெந்த கீரை இங்கே வரும்.

மாதையன் தேறினான். இதை அழுத்தி எழுத வேண்டும். நான்காம் மாதம் அவன் சளியில் கிருமி இல்லை. எஸ்தர் சீட்டைக் கொண்டுவந்து என்னிடம் காட்டினாள், அவனுக்குப் புரியும்படி நீங்கள் சொல்லுங்கள் என்று. டாக்டர் இன்னும் மூன்று மாதம் ஊசி போட வேண்டும் என்றிருந்தார். கிருமி ஒளிந்திருக்கும், பாதியில் விட்டால் முன்னைவிடப் பலமாக எழுந்து வரும், அப்புறம் அதே மருந்துக்கு அடங்காது. "ஒடம்புல இருக்கறவன் தூங்கறான், சாகல" என்று மாதையனுக்கு விளக்கினேன். "அப்ப எழுப்பாம நடக்கணுங்க சாமி" என்றான். அவனுக்கும் வேடிக்கை தெரியும். அதை நான் அப்போது கவனித்திருக்க வேண்டும்.

பெரியவர் போன மூன்றாம் நாள் பேய் மழை. குரங்குகள் கூரை ஓடுகளைப் பிரித்திருந்தன. ஏழாம் கட்டிலின் மேல் தண்ணீர் கொட்டியது. காலியாக இருந்தது பன்னிரண்டு ஒன்றுதான். சாயங்காலம் அவசரத்தில் மாதையனை அங்கே மாற்றினார்கள். "அங்க போயிப் படு" என்றார்கள். ஏன் என்று யாரும் சொல்லவில்லை. கண்முன் ஒழுகுகிறதே, சொல்வானேன் என்று நினைத்திருப்பார்கள்.

மறுநாள் காலை வார்டு நனைந்த கம்பளி போல நாறிக் கிடந்தது. யார் முகத்திலும் களை இல்லை. எனக்கு அந்தச் சோர்வு பொறுக்காது. ஓரிடத்தில் நிற்க முடியாத ஜென்மம் நான். துண்டைத் தோளில் பை மாதிரி மாட்டிக்கொண்டேன். இரண்டு விரலை வாயில் வைத்து விசில் அடித்தேன். நடுவில் நின்று, பதினைந்து வருஷம் கூவிய குரலில் கூவினேன்:

"ஏழாம் நம்பர் பிரயாணி பன்னெண்டுக்கு வந்துட்டாரு. சாமல்பட்டி எறங்கறவங்க ரெடியா இருங்க. கதவோரம் இருக்கறவங்க மொதல்ல எறங்குங்க. உள்ள இருக்கறவங்க தள்ளாதீங்க, அவசரமில்ல, எல்லாரும் எறங்கத்தான் போறோம்."

வார்டு வெடித்தது. சிரித்து, சிரிப்பு இருமலாகி, இருமல் மறுபடியும் சிரிப்பாகி. மூன்று வாரமாக வாய் திறக்காத மூன்றாம் நம்பர்கூடச் சிரித்தார். மாதையன்தான் எல்லோரிலும் அதிகமாகச் சிரித்தான். படுத்திருந்தவன் எழுந்து உட்கார்ந்து, வாயைக் கையால் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க.

வாசலில் வெங்கடசாமி நின்றிருந்தார். சிரிக்கவில்லை. எனக்குக் கிடைத்த சிரிப்பில் அவருக்குப் பொறாமை என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன்.

மத்தியானம் எஸ்தர் ஊசி போட வந்தபோது பன்னிரண்டாம் கட்டில் காலி. போர்வை நான்காக மடித்திருந்தது. சளி டப்பி கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. மரத்தடியில் மூன்று கல்லும் இன்னும் சூடாக இருந்தன. "டாக்டரே அனுப்பிட்டாருன்னு சொன்னாங்க" என்றான் வாசல்காரன். டாக்டர் எல்லோரிடமும் கத்தினார். ஊர் விலாசத்துக்குக் கார்டு எழுதினார்கள், இரண்டு முறை. பதில் இல்லை.

வெங்கடசாமி என்னைப் பின்னறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"பெரியவரு போன அன்னிக்கு நானும் அதே கட்டில வச்சு இதே ரூமுல பேசினேன், இல்லன்னு சொல்லல. நாங்க பேசறது எங்களுக்கு. பேசலன்னா சோறு எறங்காது, நாளைக்கு வந்து இன்னொருத்தனுக்கு ஊசி போட முடியாது. நீங்க அத எடுத்துட்டுப் போயி படுத்துக் கெடக்கறவன் மேல கொட்டினீங்க."

"அவனும் சிரிச்சானே. நீங்களே பாத்தீங்க."

"அவங்க சிரிப்பாங்க கண்டக்டரே. நெலத்துக்காரரு கேலி பண்ணா எந்திரிச்சு நின்னு, வாயப் பொத்திக்கிட்டு சிரிக்கணும். சிரிக்கலன்னா ஒத. சின்ன வயசுல இருந்து அதான். நீங்க பாத்தது சிரிப்பா?"

நான் கொதிக்கும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஊசிகள் அடியில் ஒன்றோடொன்று மோதிக்கொண்டிருந்தன.

"ஓடு ஒழுகினதாலதான் மாத்தினோம்னு ஒரு வார்த்த நானும் சொல்லியிருக்கலாம்" என்றார் அவர், மெதுவாக. "என் வாயும் அன்னிக்கு மூடிக்கிச்சு." அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. எனக்கு அந்த முக்காலியும் தடுக்கப்படவில்லை. அது மன்னிப்பு என்று நான் எடுத்துக்கொண்டேன்.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும், சொல்லாமல் தாண்டிவிடலாம் என்று இரண்டு நாள் பேனாவை மூடி வைத்திருந்தேன். நான் வேடிக்கையை நிறுத்தவில்லை. நான்கு நாள் வாயை மூடிக் கிடந்தேன். ஐந்தாம் நாள் "என்னங்கண்ணா, வண்டி நின்னுபோச்சா?" என்று எதிர்க்கட்டில்காரர் கேட்டார். பேசாமல் இருந்தால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று தோன்றியது. துண்டைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தேன். சிரித்தார்கள். நன்றாகவே சிரித்தார்கள்.

எட்டாம் மாதம் என் ஓட்டை மூடியது. ஊசி என் காதில் ஒரு சில்வண்டை விட்டுச் சென்றது. அது இன்னும் கத்துகிறது. அந்த மருந்து காது நரம்பைத் தொடும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். கம்பெனிக்காரர்கள் நல்லவர்கள், ஓடும் வண்டி வேண்டாம் என்று கிருஷ்ணகிரியில் டிக்கெட் கொடுக்கும் அறையில் உட்கார வைத்தார்கள். கம்பி ஜன்னலுக்குப் பின்னால் நான். முன்னால் கைகள்.

ஒரு வருஷம் போயிருக்கும். ஜன்னலில் நீண்ட கை ஒன்று காசைக் கொடுக்காமல் நின்றது. குனிந்து பார்த்தேன். முனியம்மா. தலையில் கூடை, கூடையில் மண்வெட்டி. ஓசூர்ப் பக்கம் ரோடு போடும் வேலைக்குக் கூட்டத்தோடு போகிறாள். வெறும் கழுத்து.

"சாமி நல்லா இருக்கீங்களா? அம்மா சௌக்கியமா?"

வெளியே வந்தேன். சுவரோரம் நின்றோம்.

"மாதையன்..." என்றேன்.

"மாசி மாசம் போயிட்டாருங்க. வந்து ஒரு மூணு மாசம் நல்லாத்தான் இருந்தாரு. அப்பறம் ரத்தமா வந்துச்சு." கூடையை இறக்கி வைத்தாள். "பாக்க வந்தவங்ககிட்ட எல்லாம் உங்க கதையத்தான் சொல்லிச் சிரிப்பாரு. விசிலு கூட அடிச்சுக் காட்டுவாரு, மூச்சு எங்க இருந்துச்சு, வெறுங் காத்துதான் வரும். கண்டக்டரு சாமி மட்டும் சொல்லலன்னா எனக்கு எங்க தெரியும், டாக்டருக்குச் சொல்ல வாய் வரல, அவருதான் மனசு நோவாம சிரிப்பாட்டம் சொல்லி அனுப்பிச்சாருன்னு சொல்லுவாரு."

சாய்ந்திருந்த கூடையை நிமிர்த்தி வைத்தேன்.

"புண்ணியவான் சாமி நீங்க. இல்லன்னா ஊரு பேரு தெரியாத எடத்துல போயிருப்பாரு. எங்க மண்ணுலயே போனாரு. புள்ள மடியில தல வச்சுக்கிட்டுத்தான் போனாரு." சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். "கெராமத்துல சில பேரு பேசறாங்க, இன்னும் கொஞ்ச நாளு அங்கயே வச்சிருந்தா பொழச்சிருப்பான், இவதான் அவசரப்பட்டு இட்டாந்துட்டான்னு. நீங்க கூடவே இருந்தவரு, சொல்லுங்க சாமி. நாங்க வந்தது சரிதானுங்களே? அதுக்கு மேல அங்க ஒண்ணும் இல்லதானே?"

அவளுக்குப் பின்னால் ஓசூர் வண்டி எஞ்சின் உறுமிக்கொண்டிருந்தது. ஓடு ஒழுகியது என்று சொல்ல வேண்டும். சீட்டில் கிருமி இல்லை என்று இருந்தது, மூன்று மாத ஊசி பாக்கி இருந்தது என்று சொல்ல வேண்டும். சொன்னால் அவள் தன் புருஷனை இரண்டாம் முறை, தன் கையாலேயே கொன்றவளாக அந்த வண்டியில் ஏறுவாள். சொன்னால் நானும் புண்ணியவானாக இருக்க முடியாது. இரண்டில் எது என் வாயை மூடியது என்று இன்றுவரை பிரித்துப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

"சரிதாம்மா" என்றேன். "அதுக்கு மேல ஒண்ணும் இல்ல."

அவள் என் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நான் நகரவில்லை. டிக்கெட்டுக்குக் காசு வாங்காமல் அனுப்பினேன்; அதற்கும் கும்பிட்டாள். வண்டிப் படியில் கால் வைத்தவள், கேட்காமலே மகளைப் பற்றிச் சொன்னாள். முகம் கொஞ்சம் வெளிச்சமானது அப்போதுதான்.

முனியம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. அந்தத் தைரியத்தில்தான் இவ்வளவும் எழுதினேன். மகள் மூன்றாவது படிக்கிறாளாம். எதைக் கண்டாலும் எழுத்துக் கூட்டிப் படித்துக் காட்டுகிறாளாம்.